மணிக் காதணி செய்வோர் கவனத்திற்கு: மணியைவிடக் கொக்கி முக்கியம்

தோல் மருத்துவப் பிரிவிலிருந்து

வீட்டிலிருந்தபடியே மணிக் காதணி செய்யும் பழக்கம் இப்போது பரவலாகி வருகிறது. நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போருக்கும், அவர்களைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருப்போருக்கும் இது ஏற்ற பொழுதுபோக்கு. பெரிய இடமோ மிகுந்த செலவோ தேவையில்லை. களைப்பு ஏற்பட்டால் பாதியில் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். பக்கவாதத்திற்குப் பின் விரல்களின் நுண்ணிய அசைவுகளை மீட்பதற்கு மணி கோக்கும் பயிற்சியைச் சிகிச்சையாளர்கள் பயன்படுத்துவதும் உண்டு. எனவே இப்பொழுதுபோக்கை மேற்கொள்ள விரும்புவோரைத் தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உடலுக்குத் தீங்கு நேராமல் செய்வது எவ்வாறு என்பதை விளக்குவதே நோக்கம்.

மணி கோப்பது நம் மண்ணில் மிகத் தொன்மையான தொழில். நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலிலும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் நடந்த அகழாய்வுகளில் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அவற்றின் நிறமும் பளபளப்பும் பெரிதும் கெடவில்லை. கண்ணாடியும் கல்லும் எளிதில் கரைவதில்லை, தோலோடு வினைபுரிவதுமில்லை. ஆகவே காதணியில் சிக்கலை உண்டாக்குவது பெரும்பாலும் மணியன்று. காதுத் துளைக்குள் நாள் முழுவதும் இருக்கும் கொக்கி. காதணியால் புண் ஏற்பட்டு எங்கள் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பதும் அந்தக் கொக்கியைப் பற்றித்தான்.

நிக்கல் என்ன செய்கிறது?

மலிவான கொக்கிகள் பெரும்பாலும் பித்தளை, இரும்பு போன்ற உலோகங்களால் செய்யப்படுகின்றன. அவற்றுக்குப் பளபளப்பு தரவும் துருப்பிடிக்காமல் காக்கவும் நிக்கல் என்னும் உலோகத்தைப் பூசுவது வழக்கம். பொன்முலாம் பூசிய நகைகளிலும் பொன்னுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு. மேற்பூச்சு தேய்ந்தவுடன் நிக்கல் வெளிப்படுகிறது. வியர்வையிலுள்ள உப்பு அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் ஊடுருவுகிறது. நம்முடையதைப் போன்ற வெப்பமான ஊர்களில் வியர்வை மிகுதி; கரைவதும் மிகுதி.

உள்ளே சென்ற நிக்கல் தோலிலுள்ள புரதங்களுடன் சேர்ந்துகொள்கிறது. சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் அதனை அந்நியப் பொருளாகக் கருதி நினைவில் பதித்துக்கொள்கிறது. இந்தப் பதிவு நிகழும்போது வெளியில் எந்த அறிகுறியும் தோன்றாது. மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், அந்தக் காதணியை அணிந்தும் ஒன்றும் நேராதிருக்கலாம். ஆனால் பதிவு ஒருமுறை நிகழ்ந்துவிட்டால், அதன்பின் நிக்கல் படும்போதெல்லாம் தோல் சிவந்து, அரித்து, நீர் வடியும். இதனைத் தொடு தோலழற்சி என்கிறோம். தோன்றிய அழற்சியை மருந்தால் ஆற்ற முடியும். நினைவில் பதிந்த ஒவ்வாமையை நீக்க மருந்து இல்லை. பொதுவாக அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த அரிப்பு உடனே வருவதில்லை. ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே வெளிப்படும். ஞாயிற்றுக்கிழமை திருமணத்திற்கு அணிந்துசென்ற காதணிக்குச் செவ்வாய்க்கிழமை காது அரிக்கலாம். அதற்குள் காதணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஆகவே உண்மைக் காரணம் நினைவுக்கு வராமல், புதிய சோப்பையோ உண்ட உணவையோ குறை கூறுவதுண்டு.

ஒவ்வாமை காதோடு நிற்பதுமில்லை. கைக்கடிகாரத்தின் கொளுவி, ஜீன்ஸ் பொத்தான், புடவைத் தலைப்பில் குத்தும் ஊக்கு, வளையலில் கோத்து வைக்கும் ஊக்கு ஆகிய அனைத்திலும் நிக்கல் இருக்கக்கூடும். காது மடலில் ஒரு தழும்பும் தொப்புளுக்குக் கீழே ஒரு தழும்பும் சேர்ந்து காணப்பட்டால், நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று தோல் மருத்துவர் உடனே ஐயுறுவார்.

இதனை முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. டென்மார்க் 1990-ஆம் ஆண்டில் நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வழியைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது. காதுத் துளையில் அணியும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகவே நிக்கல் வெளிவர வேண்டும் என்பது அங்கு இப்போதுள்ள விதி. இக்கட்டுப்பாடு வந்தபின் காது குத்திக்கொண்ட டென்மார்க் இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை குறைந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. கொக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் காட்டும் கவனமும் அதே பலனைத் தரும்.

எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது?

டைட்டானியம், நியோபியம்: இவற்றில் செய்த கொக்கிகளே மிகவும் பாதுகாப்பானவை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றவை.

22 காரட் தங்கம்: 91.6 விழுக்காடு தங்கம். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். இதுவும் ஏற்றதே. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலக்கப்படுவதுண்டு. அதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

925 வெள்ளி: 92.5 விழுக்காடு வெள்ளி. எஞ்சியது வழக்கமாகச் செம்பு. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். விலையும் கைக்கு அடக்கமானது.

துருப்பிடிக்காத எஃகு: ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று விற்கப்படும் எஃகிலும் நிக்கல் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் நிக்கலை எளிதில் வெளிவிடாது. ஆறிய பழைய துளையில், ஒவ்வாமை இல்லாதவர்கள் அணியலாம். புதிய துளைக்கு வேண்டாம்.

ஜெர்மன் சில்வர்: பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். இதில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை இது. காதுக் கொக்கிக்கு இதனை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

‘ஒவ்வாமை தராது’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்; எந்த உலோகம் என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். செய்த காதணிகளை விற்பவர்களும் பரிசளிப்பவர்களும் நிக்கல் சோதனைக் கரைசல் ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டைமெத்தில்கிளையாக்சைம் என்பது அதிலுள்ள வேதிப்பொருள். பஞ்சில் சில துளிகள் விட்டு உலோகத்தின்மேல் தேய்த்தால், நிக்கல் வெளிவரும் கொக்கி பஞ்சை இளஞ்சிவப்பாக்கும். சோதித்த கொக்கியைக் கழுவித் துடைத்தபின்னரே காதில் அணிய வேண்டும்.

நகப்பூச்சை நிக்கல் கொக்கியின்மேல் தடவி அணியும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்படலம் சில நாட்களில் உரிந்துவிடும். அவசரத்திற்கு ஒரு மாலைப்பொழுது அணியலாம். அதனையே நிலையான பாதுகாப்பாகக் கருத முடியாது.

ஒரு ஜோடி வளையம், பல ஜோடித் தொங்கல்கள்

எல்லாக் காதணிக்கும் விலையுயர்ந்த கொக்கி வாங்க இயலாதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. உங்கள் ஊர் நகை ஆசாரியிடம் 925 வெள்ளியில் மெல்லிய வளையம் ஒரு ஜோடி மட்டும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி சுமார் 0.8 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். வேறு வேறு நிறங்களில் மணித் தொங்கல்களைச் செய்து, உடைக்கு ஏற்றவாறு அந்த வளையத்தில் மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ளலாம். காதுக்குள் செல்வது எப்போதும் அதே வெள்ளி வளையம். கீழே தொங்கும் பகுதி தோலில் மிகக் குறைவாகவே படும்.

தொங்கல் செய்யும் முறை வருமாறு. குண்டூசி போல ஒரு முனையில் தலையுள்ள மெல்லிய கம்பி, ‘ஹெட் பின்’ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும். அதனுடன் முனை உருண்டையான குறடு ஒன்றும், கம்பி வெட்டும் குறடு ஒன்றும் தேவை.

1. கம்பியில் மணிகளைக் கோக்கவும். பெரிய துளையுள்ள மணியானால், கம்பியின் தலை உள்ளே நழுவாதவாறு முதலில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு பாசிமணி ஒன்றைக் கோக்கவும்.

2. கடைசி மணியை ஒட்டிக் கம்பியைச் செங்கோணமாக மடக்கவும். 1 சென்டிமீட்டர் அளவு விட்டு எஞ்சியதை வெட்டவும். வெட்டும்போது அந்த முனையை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். தெறிக்கும் கம்பித் துண்டு கண்ணில் பட்டால் விழிப்படலம் கிழியக்கூடும். கண்ணாடி அணிவோர் அணிந்தே வெட்டுக. மற்றோர் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்க.

3. எஞ்சிய கம்பியை உருண்டைக் குறட்டால் பற்றி, மணியின் நடுவுக்கு நேர்மேலே வளையமாகச் சுருட்டவும். வெள்ளி வளையத்தில் எளிதில் நுழையுமாறு அதனைச் சற்றுப் பெரிதாக அமைக்கவும். முனை இடைவெளியின்றிப் பொருந்தி மூட வேண்டும். இல்லையேல் தலைமுடியும் துணியும் சிக்கிக் காதை இழுக்கும்.

4. வெள்ளி வளையத்தின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். பிசிர் தட்டுப்பட்டால் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். கூரிய முனை ஒவ்வொரு முறையும் துளையினுள் கண்ணுக்குத் தெரியாத கீறலை உண்டாக்கும். அக்கீறல் வழியே கிருமிகள் நுழையும்.

அணியுமுன் வளையத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பது நல்ல பழக்கம். ஒருவர் அணிந்ததை மற்றவர் அப்படியே வாங்கி அணிய வேண்டாம்.

வெள்ளி நாளடைவில் கறுக்கும். அதனால் தோலில் கருங்கோடு படியலாம். செம்பு பச்சைக் கறையை விடலாம். அரிப்பும் தடிப்பும் இல்லாத வெறும் கறை ஒவ்வாமையன்று, கழுவினால் போய்விடும்.

எடையும் பார்க்க வேண்டும்

காதின் மேற்பகுதியில் குருத்தெலும்பு உள்ளது. காது குத்தும் கீழ்மடலில் அது இல்லை. தோலும் கொழுப்பும் நார்த்திசுவுமே உள்ளன. தொடர்ந்து எடை தொங்கினால் துளை கீழ்நோக்கி நீளும். தென்மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டிமார்களின் தொங்கிய காதுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அழகு கருதி விரும்பி வளர்த்த காதுகள் அவை. நாம் விரும்பாமலே, கனத்த காதணியால் துளை சிறுகச் சிறுக நீண்டு, ஒருநாள் மடலே இரண்டாகப் பிளப்பதும் நடக்கிறது. பிளந்த மடலை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து தைத்துவிடலாம். ஆனால் மீண்டும் காது குத்தச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடியின் எடை, அதே அளவுள்ள அக்ரிலிக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே பெரிய மணி வேண்டுமெனில் அக்ரிலிக், மரம், காகிதம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியையும் கல்லையும் சிறு மணிகளாகப் பயன்படுத்துங்கள். காதணியை மாட்டிக் கண்ணாடியில் பாருங்கள். துளை வட்டமாக இருப்பதற்கு மாறாக நீள்கோடாகத் தெரிந்தால், அது உங்கள் காதுக்கு மிகையான எடை. எவ்வளவு இலேசான காதணியாயினும் உறங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

மணிகள் குழந்தைகளை ஈர்க்கும். பிஞ்சுக் கைகளுக்கு எட்டும் மணி மூக்கிலோ, காதிலோ, வாயிலோ சென்றுவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், மூடியுள்ள பெட்டியில் மணிகளை வைத்து உயரத்தில் பூட்டி வையுங்கள். வேலை செய்யும்போது ஓரம் உயர்ந்த தட்டின்மேல் துணி விரித்துச் செய்தால் மணிகள் உருளாது. முடித்தபின் தரையைக் கூட்டிப் பாருங்கள்.

குழந்தையின் ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வடிந்தால், உள்ளே ஏதேனும் சிக்கியிருக்கலாம். ஊக்கு, தீக்குச்சி, இடுக்கி எதனாலும் வீட்டில் எடுக்க முயல வேண்டாம். மணி மேலும் உள்ளே செல்லும். காதில் புகுந்த மணிக்காக எண்ணெயோ நீரோ ஊற்ற வேண்டாம். மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத் திணறலோ தொடர் இருமலோ இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

இரு பொருள்களைக் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது.

முதலாவது, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமான அதன் அழகில் மயங்கிக் காதணியில் கோப்போர் உள்ளனர். அதில் ஆப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. கடினமான மேலோடு முழுதாக இருக்கும்வரை நஞ்சு எளிதில் வெளிவருவதில்லை. மணியாகக் கோப்பதற்காகத் துளையிடும்போது அந்த மேலோடே உடைகிறது. துளையிட்ட குன்றிமணியைக் குழந்தை விழுங்கினாலோ மென்றாலோ உயிருக்கே ஆபத்து. 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஈடன் பிராஜெக்ட் என்னும் தாவரப் பூங்கா, தான் விற்ற குன்றிமணிக் கைக்கயிறுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது இதனால்தான். குன்றிமணி கோத்த அணிகலன் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் விதை ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்தே தொடங்கக்கூடும்.

இரண்டாவது, காது குத்தாதோருக்கான காந்தக் காதணி. மடலின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் சிறு காந்தங்கள் இரண்டைக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடற்சுவரைத் துளைத்துவிடும். இதுவும் அவசர நிலையே. குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றைச் செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

ரெசின் பயன்படுத்துவோருக்கு

மணிகளோடு ரெசின் வார்ப்புகளைச் சேர்ப்பதும் இப்போது பெருகியுள்ளது. முழுமையாக இறுகிய ரெசின் பொதுவாகத் தீங்கற்றது. இறுகாத எபாக்சி ரெசின், நிக்கலைப் போலவே நீடித்த ஒவ்வாமையை உண்டாக்க வல்லது. அதன் ஆவி பட்டே கண்ணிமைகள் வீங்குவோரும் உண்டு. காற்றோட்டமுள்ள இடத்தில், நைட்ரைல் கையுறை அணிந்து செய்யுங்கள். கையுறையில் ரெசின் பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுப்படியே இரு பகுதிகளையும் கலக்க வேண்டும்; அளவு பிசகினால் பிசுபிசுப்பு நீங்காது. பிசுபிசுப்பான வார்ப்பைக் காதில் அணியக் கூடாது.

சிகிச்சையில் இருப்போர் அறிய வேண்டியவை

நீரிழிவினாலோ புற்றுநோய் மருந்துகளாலோ விரல் நுனிகள் மரத்திருந்தால், கம்பி குத்தியதுகூடத் தெரியாது. அத்தகையோர் கம்பியைத் தவிர்த்து, முனை மழுங்கிய ஊசியும் நூலும் கொண்டு மணி கோக்கலாம். வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலி உள்ளோர் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை குறட்டைக் கீழே வைத்துக் கைகளுக்கு ஓய்வு கொடுக்கவும். ஏற்கெனவே நிக்கல் ஒவ்வாமை உள்ளவர், பிறருக்காகச் செய்யும்போதும் நிக்கல் பூசிய கம்பியைக் கையாள வேண்டாம். அழற்சி விரல்களிலும் வரும்.

கீமோதெரபி எடுத்துக்கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் புதிதாகக் காது குத்திக்கொள்ளக் கூடாது. தழும்பு பெருத்து வளரும் உடல்வாகு உள்ளோரும் அவ்வாறே. புதிதாகக் குத்திய துளை ஆறக் குறைந்தது ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வீட்டில் செய்த காதணி வேண்டாம். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன் காதணிகளைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

காது புண்ணானால்

அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல், பொருக்கு ஆகியவை ஒவ்வாமையைச் சுட்டும். கடும் வலி, சூடு, சீழ், காய்ச்சல் ஆகியவை கிருமித் தொற்றைச் சுட்டும். சில வேளைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வாமை எனத் தோன்றினால் காதணியைக் கழற்றுவதே முதல் சிகிச்சை. துளை தூர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் பலர் கழற்றத் தயங்குகின்றனர். பல ஆண்டுகள் பழகிய துளை சில நாட்களில் தூர்ந்துவிடாது. சீழோ காய்ச்சலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காதின் மேற்பகுதியில், குருத்தெலும்பு உள்ள இடத்தில், வீக்கமும் வலியும் இருந்தால் தாமதம் கூடாது. அங்கு தொற்று பரவினால் காதின் வடிவமே குலையும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைத் தவிருங்கள். அவற்றிலுள்ள நியோமைசின் போன்ற மருந்துகளே சிலருக்குப் புதிய ஒவ்வாமையைத் தரும்.

எந்தப் பொருளால் ஒவ்வாமை என்பதை ஒட்டுச் சோதனையால் அறியலாம். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் இட்டு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். மேலும் ஓரிரு நாட்கள் கழித்து மறுமுறையும் பார்ப்போம். ஊசி இல்லை, வலி இல்லை. ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகை நனைக்காமலும் வியர்க்காமலும் இருந்தால் போதும். சோதனைக்கு வரும்போது நீங்கள் அணிந்த காதணியையும் கழற்றி வைத்த கொக்கியையும் மறவாமல் கொண்டுவாருங்கள். அவற்றைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் கைப்பட ஒரு காதணி செய்து மகளுக்கோ தோழிக்கோ தரும்போது, அதனோடு ஒரு துண்டுத் தாளில் கொக்கி எந்த உலோகம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத அளவுக்கு அது எந்த உலோகமென்று உங்களுக்கே தெரியவில்லையெனில், அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டு நல்லதொன்றை மாட்டியபின் கொடுங்கள்.